எளியோர் அடுக்களையில் பிறந்த பிரெஞ்சுச் சுவைகள்

பிரான்ஸுக்குச் சுற்றுலா செல்லத் திட்டமிடும் குடும்பங்களில், விசாவும் விமானப் பயணச்சீட்டும் உறுதியான பிறகு எழும் முதற்கேள்வி "அங்கே என்ன சாப்பிடுவது?" என்பதுதான். பிரெஞ்சுச் சமையல் என்றதும் வெண்ணிற மேசை விரிப்பு, வெள்ளிக் கரண்டி, படித்தாலும் புரியாத உணவுப் பட்டியல், கையைச் சுடும் விலை ஆகியவையே நம்மில் பலரது மனக்கண்ணில் தோன்றுகின்றன. அந்த அச்சத்தினால் பத்து நாள் பயணத்தையும் புளிக்காய்ச்சலிலும் நூடுல்ஸிலும் கழித்துத் திரும்புவோர் உண்டு. பெயரை மட்டும் பார்த்து எதையோ வரவழைத்து, தட்டில் வந்தது தமக்கு விலக்கான உணவு என்று பின்னர் அறிந்து வருந்துவோரும் உண்டு.

இரண்டு நிலைகளையும் தவிர்க்க முடியும். பிரான்ஸின் புகழ்பெற்ற உணவுகளுள் பல மீனவர்களும் உழவர்களும் சந்தைத் தொழிலாளர்களும் கையில் இருந்ததைக் கொண்டு பசியாறிய எளிய உணவுகளே. எந்த உணவு எங்கே பிறந்தது, அதில் என்ன சேர்கிறது, அதை எப்போது எங்கே உண்ண வேண்டும் என்று தெரிந்துகொண்டால், நடுத்தரக் குடும்பத்தின் பயணச் செலவுக்குள்ளேயே அவற்றுள் பலவற்றைச் சுவைத்துவிடலாம். பிரெஞ்சு மக்கள் விருந்துண்ணும் முறையை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. அந்த மரபின் வாசல் ஒவ்வொரு தெருவிலும் உள்ள ரொட்டிக் கடையில் தொடங்குகிறது.

ரொட்டிக்கும் உண்டு சட்டம்

'பாகெத்' எனப்படும் நீண்ட ரொட்டி ஏறத்தாழ 250 கிராம் எடையும் 65 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. விலை பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரை யூரோவுக்குள் அடங்கும். இந்த எளிய ரொட்டியைக் காக்க 1993ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 'திரதிஸியோன்', அதாவது மரபு ரொட்டி, என்ற பெயரில் விற்க வேண்டுமானால் மாவை உறைகுளிரில் வைத்திருக்கக் கூடாது. கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு ஆகியவையே அடிப்படைப் பொருள்களாக இருக்க வேண்டும். இரசாயனக் கூட்டுப்பொருள்கள் சேரக் கூடாது. மாவு பிசைந்து, உருட்டி, அதே இடத்தில் சுடும் கடை மட்டுமே 'புலாஞ்செரி' என்று பெயர்ப்பலகை வைக்கலாம் என்பதும் 1998 முதல் சட்டமாகும். 2022இல் பாகெத் செய்யும் கைத்திறனும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

எனவே கடையில் வெறுமனே பாகெத் என்று கேளாமல் 'திரதிஸியோன்' என்று கேட்பது நல்லது. சில சென்ட்டுகள் கூடுதலானாலும் சுவையில் வேறுபாடு தெரியும். ஒருவருக்கு முழு ரொட்டி அதிகம் என்றால் பாதியாகவும் வெட்டித் தருவார்கள். காலையில் சுட்டது மாலைக்குள் கடினமாகிவிடும். அதனால்தான் பிரெஞ்சு மக்கள் அன்றாடம், சிலர் இருவேளையும், ரொட்டி வாங்கச் செல்கின்றனர். பிரெஞ்சு ஆட்சியின் நினைவாக இந்த ரொட்டியைப் புதுச்சேரிக் கடைகளில் உண்டு பழகியவர்களுக்கு இது முற்றிலும் புதிய சுவையாகத் தோன்றாது.

காலையில் உண்ணும் பிறை வடிவக் 'குருவாசோன்' ஆஸ்திரியாவிலிருந்து வந்த விருந்தாளி. 1830களின் இறுதியில் ஆகஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரியர் பாரிஸில் திறந்த வியன்னா ரொட்டிக் கடையின் வழியே அதன் மூத்த வடிவம் பிரான்ஸில் பரவியது. அடுக்கடுக்காக வெண்ணெய் வைத்து மடிக்கும் இன்றைய முறை பிரெஞ்சுக்காரர்கள் பின்னர் உருவாக்கியது. 'ஓ பேர்' என்று எழுதியிருந்தால் அது தூய வெண்ணெயில் செய்தது என்று பொருள். அவ்வாறு எழுதாதவற்றில் தாவரக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். முட்டை உண்ணாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குருவாசோனின் மேற்புறப் பளபளப்புக்கு முட்டை பூசுவது வழக்கம். பாகெத்தில் முட்டையோ பாலோ சேர்வதில்லை.

சந்தையில் பிறந்த சூப்

பாரிஸின் நடுவே 'லே ஆல்' என்ற பெருஞ்சந்தை இருந்தது. 1969இல் அது நகருக்கு வெளியே ருஞ்சீஸ் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. இரவெல்லாம் மூட்டை சுமந்த தொழிலாளர்களும் வணிகர்களும் விடியற்குளிரில் அருந்திய வெங்காய சூப், அச்சந்தை நகருக்கு விட்டுச்சென்ற உணவுச் செல்வங்களுள் முதன்மையானது. மெல்லியதாக நறுக்கிய வெங்காயத்தை வெண்ணெயில் இட்டு, சிறு தீயில் பொன்னிறம் கடந்து பழுப்பாகும் வரை பொறுமையாக வதக்குவார்கள். வெங்காயத்தின் இயல்பான இனிப்பு அப்போதுதான் வெளிப்படும். பின்னர் சாறு ஊற்றிக் கொதிக்கவிட்டு, மேலே காய்ந்த ரொட்டித் துண்டும் துருவிய பாலாடைக்கட்டியும் இட்டு அடுப்பில் சிவக்கவைப்பார்கள்.

மிகக் குறைந்த விலைப் பொருளும் மீந்துபோன ரொட்டியும் சேர்ந்து உருவான சுவை இது. ஆயினும் பெயரில் வெங்காயம் மட்டுமே இருப்பதால் இதைச் சைவம் என்று எண்ணிவிடலாகாது. சூப்புக்கு ஊற்றும் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியை வேகவைத்து எடுத்ததாக இருக்கும். காய்கறிச் சாறுதானா என்று கேட்டறிந்த பிறகே வரவழைக்க வேண்டும்.

இத்தகைய எளிய உணவுகளை அமர்ந்துண்ண பாரிஸில் 'புய்யோன்' என்ற வகை உணவகங்கள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் துவால் என்ற இறைச்சி வணிகர், உழைக்கும் மக்களுக்குச் சூடான உணவைக் குறைந்த விலையில் தரும் நோக்குடன் இம்முறையைத் தொடங்கினார். 1896இல் நிறுவப்பட்ட ஷார்த்தியே போன்ற பழைய புய்யோன்கள் இன்றும் இயங்குகின்றன. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் பணப்பைக்குப் பெரும் பாரம் ஏற்படாது.

பிரெத்தாஞ்: தோசைக்கல்லின் உறவினர்

நாட்டின் வடமேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலை நோக்கி நீண்டிருக்கும் பிரெத்தாஞ் பகுதியின் நிலம் வளம் குன்றியது. கோதுமை செழிக்காத அந்த மண்ணில் 'கருங்கோதுமை' என்று பிரெஞ்சில் வழங்கும் தானியம் நன்கு விளைந்தது. வட இந்தியாவில் விரத நாட்களில் உண்ணும் குட்டு மாவு இதே தானியத்திலிருந்து கிடைப்பதுதான். பெயரில் கோதுமை இருந்தாலும் இது கோதுமையின் இனத்தைச் சேர்ந்தது அன்று.

இம்மாவை நீரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, வட்டமான இரும்புக் கல்லில் ஊற்றி, மரக்கட்டையால் மெல்லியதாகப் பரப்பிச் சுடுவதே 'கலெத்'. அதைச் சுடும் காட்சியைக் காண்போருக்கு நம் தோசை நினைவுக்கு வராமல் இராது. 'கொம்ப்ளேத்' என்ற வகையில் முட்டையும் பாலாடைக்கட்டியும் 'ஜாம்போன்' எனப்படும் பன்றி இறைச்சித் துண்டும் வைத்து நான்கு புறமும் மடித்துத் தருவார்கள். 'ஸான் ஜாம்போன்' என்று சொன்னால் இறைச்சியின்றித் தருவார்கள். காளான், கீரை, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி வைத்த வகைகளும் உண்டு. கோதுமை மாவு, பால், முட்டை சேர்த்துச் செய்யும் இனிப்பு வகைக்குக் 'கிரேப்' என்று பெயர். பாரிஸில் பிரெத்தாஞ் இரயில்கள் வந்துசேரும் மோன்பர்னாஸ் நிலையத்தைச் சுற்றி இத்தகைய கடைகள் நிறைந்துள்ளன. ஊர் விட்டு வந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே அடுப்பு மூட்டியதன் விளைவு அது.

நீஸ்: கடலை மாவும் கத்தரிக்காயும்

தெற்கே மத்தியதரைக் கடற்கரையில் வெண்ணெய் பின்வாங்கி ஆலிவ் எண்ணெய் முன்வருகிறது. சைவ உணவினருக்கு பிரான்ஸில் மிகவும் உகந்த பகுதி இதுவே. நீஸ் நகரின் பழைய தெருக்களில் விற்கும் 'சோக்கா', கடலை மாவு, நீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகிய நான்கே பொருள்களால் ஆனது. அகன்ற செப்புத் தட்டில் ஊற்றி, விறகடுப்பின் கடும் வெப்பத்தில் சுட்டு, துண்டுகளாக்கி, மிளகுத்தூள் தூவிக் காகிதத்தில் வைத்துத் தருவார்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி மென்மையாகவும் இருக்கும். சூடு ஆறுவதற்குள் நின்றபடியே உண்பதுதான் வழக்கம்.

அதே நகரின் மற்றொரு கொடை 'ரத்தத்தூய்'. கத்தரிக்காய், சுக்கினி, குடமிளகாய், தக்காளி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றை ஆலிவ் எண்ணெயில் வதக்கி, நறுமண இலைகள் சேர்த்துச் செய்யும் காய்கறிக் கூட்டு இது. தேர்ந்த சமையற்காரர்கள் ஒவ்வொரு காயையும் தனித்தனியே வதக்கிய பின்னரே ஒன்றுசேர்ப்பர். கோடையின் பிற்பகுதியில் காய்கள் மலிந்து கிடக்கும்போது அவற்றை வீணாக்காமல் சமைத்த உழவர் வீட்டு உணவாகிய இதில், இறைச்சிக்கோ பாலுக்கோ இடமில்லை. ஆனால் இப்பகுதியின் வெங்காய ரொட்டியாகிய 'பிஸ்ஸலதியேர்', 'நீஸ் சாலட்' ஆகிய இரண்டிலும் நெத்திலி வகை மீன் சேரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மார்செய்: விற்காத மீனின் கதை

மீன் உண்போர் மார்செய் துறைமுகத்தில் தேட வேண்டியது 'புயபேஸ்'. பாறைகளுக்கிடையே பிடிபடும், முள் மிகுந்த, எவரும் விரும்பி வாங்காத மீன்களை மீனவர்கள் கரையிலேயே கொப்பரையில் இட்டுக் காய்ச்சிக் குடித்ததுதான் இதன் தொடக்கம். குங்குமப்பூ, பெருஞ்சீரகச் செடி, பூண்டு, தக்காளி ஆகியவற்றின் மணத்துடன் கொதிக்கும் இந்தக் குழம்பை முதலில் ரொட்டித் துண்டுகளுடனும், 'ரூய்' என்ற பூண்டு மிளகாய்த் துவையலுடனும் அருந்துவார்கள். மீன் தனித்தட்டில் வரும்.

காலம் இவ்வுணவின் விலையைத் தலைகீழாக்கிவிட்டது. பாறை மீன்கள் அரிதாகிவிட்டன. சுற்றுலாப் பயணிகளோ பெருகிவிட்டனர். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு மீன் சூப்பைத் தரும் கடைகள் மிகுந்ததால், 1980இல் மார்செய் உணவகத்தார் சிலர் ஒன்றுகூடி, எந்தெந்த மீன்கள் சேர வேண்டும், எவ்வாறு பரிமாற வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை எழுதினர். அந்த முறைப்படி உண்ண விரும்பினால் ஒருவருக்கு 50 யூரோவைத் தாண்டும் செலவுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். பல இடங்களில் முன்பதிவும் தேவை. மிகக் குறைந்த விலையில் 'புயபேஸ்' என்ற பலகையைக் கண்டால் ஐயுறுவதே அறிவுடைமை. அந்தச் செலவு மிகை என்று கருதுவோர் 'சூப் து புவாஸோன்' எனப்படும் எளிய மீன் சூப்பைக் கேட்கலாம். அதே ரொட்டியும் ரூய் துவையலும் அதனுடன் வரும். விலை பெரிதும் குறையும்.

மண்பானையும் மெதுவான தீயும்

தென்மேற்கில் துலூஸ், கார்கசோன், கஸ்தெல்நொதாரி ஆகிய மூன்று ஊர்களும் 'கசூலே' தமக்கே உரியது என்று உரிமை பாராட்டுகின்றன. ராஜ்மாவின் இனமான வெள்ளைப் பயற்றை வாத்து, பன்றி இறைச்சிகளுடன் மணிக்கணக்கில் அடுப்பில் வைத்து எடுக்கும் உணவு இது. அதைச் சமைக்கும் 'கசோல்' என்ற மண்பாண்டமே பெயருக்கும் மூலமாயிற்று. பூர்கோஞ் பகுதியின் 'கொக் ஓ வேன்', முற்றிய சேவலின் கடின இறைச்சியைச் சிவப்பு ஒயினில் நெடுநேரம் வேகவைத்து மென்மையாக்கும் முறை. அதே பகுதியின் 'பெஃப் பூர்கிஞ்ஞோன்' மாட்டிறைச்சியால் ஆனது. விலை குறைந்த இறைச்சியை நேரத்தாலும் பொறுமையாலும் உயர்த்தியதே இம்மூன்றின் இரகசியம். சேவல் உணவிலும் பன்றி இறைச்சித் துணுக்குகள் சேர்வதுண்டு. 'லார்தோன்' எனப்படும் அத்துணுக்குகள் சாலட்டிலும், லொரேன் பகுதியின் 'கீஷ்' என்ற முட்டைப் பலகாரத்திலும் தென்படும்.

இந்த வரிசையில் நம் மண்ணின் பங்கும் ஒன்று உண்டு. பிரெஞ்சு மசாலாக் கடைகளில் 'வதூவான்' என்ற பெயரில் விற்கும் கலவை, புதுச்சேரி வழியாகச் சென்ற நம் வடகத்தின் மறுபிறவியே.

பாலாடைக்கட்டியும் இனிப்பும்

பிரெஞ்சு விருந்தில் பாலாடைக்கட்டி முதன்மை உணவுக்குப் பின், இனிப்புக்கு முன் வரும். செம்மறியாட்டுப் பாலில் செய்து, கொம்பாலூ மலைக் குகைகளில் முதிரவைக்கும் 'ரோக்ஃபோர்', 1925இல் சட்டப்படி பெயர்ப் பாதுகாப்புப் பெற்றது. சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜுரா மலைப்பகுதியின் 'கோந்தே' கூட்டுறவின் விளைவு. சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 400 லிட்டர் பால் தேவை. தனி உழவர் ஒருவரால் அவ்வளவு பாலை ஒரே நாளில் தர இயலாது. எனவே அயலார் அனைவரும் பாலை ஒன்றுசேர்த்துச் செய்து, விளைவைப் பகிர்ந்துகொண்டனர். பல நூற்றாண்டுகள் கடந்தும் அக்கூட்டுறவு நிலையங்கள் அங்கே இயங்கிவருகின்றன.

இங்கும் ஒரு குறிப்பு அவசியம். மரபு முறையில் செய்யும் இவை போன்ற பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்கக் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பயன்படுத்துகின்றனர். கண்டிப்பான சைவ நெறியினர் இதனை அறிந்து முடிவு செய்ய வேண்டும். காய்ச்சாத பாலில் செய்யும் மென்மையான வகைகளைக் கருவுற்ற பெண்கள் தவிர்ப்பது நலம்.

இனிப்புகளில் 'தார்த் தத்தேன்' என்ற ஆப்பிள் பலகாரத்தைத் தவறவிடலாகாது. லமோத் பெவ்ரோன் என்னும் சிற்றூரில் விடுதி நடத்திய தத்தேன் சகோதரியரின் பெயரைத் தாங்கியது இது. சர்க்கரையும் வெண்ணெயும் பாகாக உருகும் பாத்திரத்தில் ஆப்பிளை அடுக்கி, மாவை மேலே மூடிச் சுட்டு, பின்பு தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். 'கிரேம் புருலே' முட்டைக் கருவும் பாலேடும் சேர்ந்தது. மேலே கருகிய சர்க்கரைத் தகட்டைக் கரண்டியால் தட்டி உடைத்து உண்பதில் குழந்தைகளுக்குத் தனி மகிழ்ச்சி.

மேசையில் அமரும் முன்

சுவையை அறிந்த பின், முறையையும் அறிந்துகொள்வோம். பிரான்ஸில் 'மெனு' என்றால் குறித்த விலையில் வரும் முழுச் சாப்பாடு. நாம் மெனு என்று சொல்லும் பட்டியலுக்கு அங்கே 'கார்த்' என்று பெயர். பகல் வேளையில் 'ஃபோர்முயுல்' என்ற இரண்டு உணவுத் திட்டமும், 'ப்ளா து ஜூர்' என்ற அன்றைய சிறப்பு உணவும் கிடைக்கும். அதே உணவகத்தில் இரவில் உண்பதைக் காட்டிலும் இவை பெரும்பாலும் மலிவு. ஆகவே பெரிய உணவைப் பகலில் உண்டு, இரவுக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் என்று எளிமையாக முடித்துக்கொள்வது சிக்கனமும் ஆகும். அந்நாட்டு வழக்கத்துக்குப் புறம்பும் ஆகாது.

பகல் உணவு 12 மணி முதல் 2 மணி வரை. இரவு உணவு ஏழரை மணிக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் பல சமையலறைகள் மூடியிருக்கும். ஞாயிறு, திங்கள் கிழமைகளில் விடுமுறை விடும் கடைகளும் மிகுதி. விலைப்பட்டியலை வாசலிலேயே வைத்திருப்பார்கள். உள்ளே நுழையும் முன் நின்று படிப்பதில் கூச்சம் வேண்டா. கூரை வேய்ந்த பாத்திரம் போன்ற சின்னம் இருந்தால், அது 2014 முதல் வழக்கில் உள்ள 'ஃபே மெஸோன்' குறி. அவ்விடத்திலேயே சமைத்த உணவு என்று பொருள். 'உன் கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்நீரைக் கூஜாவில் இலவசமாகத் தருவார்கள். வெறுமனே தண்ணீர் கேட்டால் விலைக்குரிய புட்டி வரக்கூடும்.

பட்டியலிட்ட விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடங்கியுள்ளன. அன்பளிப்பு நம் விருப்பம். நாம் கேட்கும் வரை பில் வராது. அது அலட்சியம் அன்று, விருந்தினரை எழுப்பக் கூடாது என்ற மரியாதை. அட்டையில் பணம் செலுத்தும்போது கருவி "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுப்பதே பொதுவாக இலாபம், ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தில் கூடுதல் தொகை சேர்வது வழக்கம். சிறு ரொட்டிக் கடைகளும் சந்தைகளும் குறைந்த தொகைக்கு அட்டை ஏற்காமல் இருக்கலாம் என்பதால் சில்லறை யூரோக்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சைவர்கள் 'சைவம்' என்று மட்டும் சொல்வது போதாது. அவ்வாறு சொன்னவர்க்கு மீனைப் பரிந்துரைப்போரும் உண்டு. 'ஸான் வியாந்த்' என்றால் இறைச்சி வேண்டா. 'ஸான் புவாஸோன்' என்றால் மீன் வேண்டா. 'ஸான் லார்தோன்' என்றால் பன்றி இறைச்சித் துணுக்கு வேண்டா. 'ஸான் ஸெஃப்' என்றால் முட்டை வேண்டா. இந்த நான்கு தொடர்களையும் பிரெஞ்சு எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக் காட்டினால் உச்சரிப்புக் குழப்பமும் இராது. எல்லாவற்றுக்கும் முன்பாக, கடைக்குள் நுழைந்தவுடன் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்ல வேண்டும். வணக்கம் சொல்லாமல் பொருளைக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. அச்சொல்லைத் தொடர்ந்து எழும் ஐயங்களுக்குப் பொறுமையாக விடை தருவோர் பலர்.

கருங்கோதுமை, கடலை மாவு, வெங்காயம், பயறு, முற்றிய சேவல், விற்காத மீன் என அந்நாட்டு மக்கள் தம் மண்ணும் கடலும் தந்ததை வீணாக்காமல் சுவையாக்கினர். சிக்கனம் அறிந்த நம் அடுக்களைகளுக்கு இது புதிய பாடமன்று. பயணத் திட்டத்தில் அருங்காட்சியகங்களுக்கும் கோபுரங்களுக்கும் நேரம் ஒதுக்கும் நாம், ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊருக்கே உரிய ஓர் உணவுக்கும் ஒரு வேளையை ஒதுக்குவோம்.